பச்சைச் சுடிதாரும் வியாழனின் காற்றும்

பிப்ரவரி 3, திங்கள்

கரி ஈரம். ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். பத்து மணிக்குத்தான் இஸ்திரிப் பெட்டி சூடேறியது. அதற்குள் பி பிளாக்கில் இரண்டு வீட்டுக்காரர்கள் சட்டை கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்கள்.

இந்த டைரி அந்த பிளாக்கு மாடி வீட்டு அம்மா கொடுத்தது. வருஷா வருஷம் கொடுப்பார்கள், என் பொண்ணு ரக்ஷிதா எடுத்துக்கொள்வாள். இந்த வருஷமும் பழக்கத்தில் கொடுத்துவிட்டார்கள், கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்து முகம் மாறியது. பரவாயில்லை, கொடுங்க என்று வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாவது வரைக்கும் படித்தவள் நான். தப்பு இருந்தால் இருக்கட்டும். பார்க்க ஆள் இல்லை.

பிப்ரவரி 8, சனி

பச்சைச் சுடிதாரைத் தேய்த்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் தேய்க்கிறேன். ரக்ஷிதா போன மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தாள், ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. மற்ற துணியெல்லாம் பதினாறாம் நாளுக்கு அப்புறம் கொடுத்தோம். இதை மட்டும் நான் விடவில்லை.

சனிக்கிழமை எடுத்து விரிப்பேன், தண்ணீர் தெளித்துத் தேய்ப்பேன், மடித்து உள்ளே வைப்பேன். போன வாரம் தேய்த்தது அப்படியே இருக்கும். யாரும் உடுத்தாத துணியில் சுருக்கம் எங்கிருந்து வரும்.

என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தச் சமயத்தில் பெட்டியில் நல்ல கரியாகப் பார்த்துப் போடுவார், அவ்வளவுதான்.

பிப்ரவரி 19, புதன்

டோரீன் மேடம் போன் பண்ணினார்கள். ரக்ஷிதா ஆராய்ச்சி படித்த இடத்தில் அவளுக்கு வாத்தியார் அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றார்கள்.

என்ன விஷயம்? ஹாஸ்டல் சாமான் எல்லாம் அப்பவே கொடுத்தாச்சே.

பிப்ரவரி 23, ஞாயிறு

வந்தார்கள். கூட ஒரு பெண். தர்ஷினி. ரக்ஷிதாவுக்கு அடுத்த வருஷம் சேர்ந்தவளாம், சேலத்துப் பெண். ஒல்லி. உட்காரச் சொன்னதும் கட்டில் நுனியில் உட்கார்ந்தாள்.

டோரீன் மேடம் குக் டவுன்காரர்கள், வீட்டில் இங்கிலீஷ்தான். தமிழ் பேசுவார்கள், ஆனால் நீங்களும் நீயும் ஒரே வரியில் வரும். "யசோதாம்மா, நீங்க கோவப்படாம கேளு" என்றுதான் ஆரம்பித்தார்கள்.

ரக்ஷிதா எழுதிக்கொண்டிருந்த கட்டுரை முடியாமல் நின்றுவிட்டது. அதை முடித்து வெளியே போட வேண்டும். ஆனால் அவள் போட்ட கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதைச் சேர்த்தால் விடை மாறுகிறது. இந்தப் பெண் தர்ஷினிதான் அதைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"மாத்தி எழுதி ரெண்டு பேர் பேரும் போடலாம். ரக்ஷிதா பேர் முதல்ல. ஆனா அவ இல்ல. அவளைக் கேக்காம அவ எழுதினதை மாத்த எனக்கு மனசு வரல. அதான் உங்களைக் கேக்குறேன். வேணாம்னா, தர்ஷினி தனியா அவ பேர்ல எழுதிப்பா. ரக்ஷிதாவோடது அப்படியே என் பீரோல இருக்கும்."

நான் கேட்டேன், "அவ தப்பு பண்ணிட்டான்னு அதுல எழுதுவீங்களா?"

மேடம் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்கள், "முன்னாடி போட்ட கணக்கு குறைவுன்னு எழுதணும். மறைக்கக் கூடாது."

அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். வேற என்னா சொல்வேன். செத்துப்போனவ வந்து பதில் சொல்வாளா? அவ எழுதினது அவ எழுதினதுதான். ஒரு எழுத்து மாத்தக் கூடாது.

அந்தப் பொண்ணு காப்பியைக் கூடக் குடிக்கல. நல்லதுதான்.

பிப்ரவரி 24, திங்கள்

ராத்திரி தூங்கவே இல்லை. பட்டுப்புடவை எதையும் தொடவில்லை, அவரிடமே கொடுத்துவிட்டேன்.

ரக்ஷிதா என்ன படித்தாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எம்எஸ்சி முடித்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள். நான் தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

வியாழன் பெரிய கிரகம். அதில் தரை கிடையாது, காற்றுதான். பூமி ஒரு தடவை சுற்றுவதற்குள் அது இரண்டு தடவைக்கு மேல் சுற்றிவிடும். அப்படிச் சுற்றும்போது, தன்னைச் சுற்றித் தூரத்தில் இருக்கிற ஆவியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. அதன் நிலா ஒன்றில் எரிமலைகள் இருக்கிறதாம், அது கக்கின ஆவி. இழுக்கிற கயிறு காந்தம். அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கிற கை, வியாழனின் மேல்காற்று. அந்தக் காற்றில் கரெண்ட் ஓடும். நன்றாக ஓடினால் பிடி கெட்டி. சரியாக ஓடவில்லை என்றால் பிடி வழுக்கும், தூரத்தில் இருப்பது பின்தங்கிவிடும்.

"காத்துல கரெண்ட் எப்படிடி ஓடும்? ஓடினா நாமெல்லாம் செத்துடுவோமே" என்று கேட்டேன்.

"நம்ம காத்துல ஓடாதும்மா. ரொம்ப மேல, லேசா இருக்கிற இடத்துல ஓடும். எவ்ளோ ஓடும்னுதான் நான் கணக்குப் போடறேன்."

"அதைப் போட்டு?"

"அதைப் போட்டு, எவ்ளோ தூரம் வரைக்கும் அதால இழுத்துட்டுப் போக முடியும்னு சொல்வேன்."

ஒரு சட்டை முடிவதற்குள் சொல்லிவிட்டாள். சட்டையை எடுத்து அவளே ஹேங்கரில் மாட்டினாள்.

மார்ச் 1, சனி

பச்சைச் சுடிதார் தேய்த்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

சொர்ணம் வந்திருந்தாள். என் நாத்தனார், ஒக்கலிபுரத்தில் இருக்கிறாள். பாவம், நல்ல மனசுதான், வாய்தான் நிற்காது. சுடிதாரைப் பார்த்துவிட்டு, "போடாத துணிக்கு எதுக்கு அண்ணி கரி செலவு" என்றாள்.

அப்புறம் சொன்னாள்: "நான் அப்பவே சொன்னேன். குரு பகவானை உலகமே கை எடுத்துக் கும்பிடுது. இவ அவரையே அளக்கப் போனா. சும்மா விடுவாரா?"

அவர் வெளியில் கரி உடைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே, "சொர்ணம், உன் வாயை அளந்தா எந்த பகவானும் ஒண்ணும் பண்ண மாட்டாரு, அவ்ளோ பெருசு" என்றார். ரக்ஷிதா போன பிறகு அவர் கேலி பேசி இன்றைக்குத்தான் கேட்கிறேன். சொர்ணமே சிரித்துவிட்டாள்.

எனக்கு மட்டும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அளந்ததற்கா? கொசு கடித்து வந்த காய்ச்சல் அது. பக்கத்து வீட்டுப் பையனுக்கும் வந்தது, அவனுக்குச் சரியாகிவிட்டது. அவன் எதையும் அளக்கவில்லை. அதனாலா?

இப்படியெல்லாம் யோசிக்கக் கூடாது.

மார்ச் 20, வியாழன்

தர்ஷினி தனியாக வந்தாள். பையில் துணி. "தேய்க்கக் கொண்டு வந்தேன் ஆண்ட்டி" என்றாள். பிடிஎம்மில் தங்கியிருக்கிறவள் தேய்க்க இங்கே பொம்மனஹள்ளி வரைக்கும் வருவாளா? தெரியாதா எனக்கு.

வாங்கித் தேய்த்தேன். அவள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். ரக்ஷிதா நிற்கிற அதே இடம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவ நாற்காலியிலதான் நீ இப்ப உக்கார்றியா?"

"இல்ல ஆண்ட்டி. அது காலியா இருக்கு. நான் ஸ்டூல்ல உக்கார்றேன்."

"ஸ்டூல்லயா? முதுகு என்னாத்துக்கு ஆவும்?"

"வலிக்குது" என்றாள்.

அதற்கு மேல் என்ன திட்டுவது. காசு வாங்கவில்லை. அவள் பெட்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்லை. கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி மஞ்சுநாத் அவன் வீட்டிலிருந்து ஒப்பட்டு, நம்ம போளிதான், கொண்டுவந்து கொடுத்தான். "நிமகே ஹப்ப இல்ல அந்த கொத்து அம்மா, சும்னே தின்னி" என்றான். பண்டிகை இல்லை என்று தெரியும், சும்மா சாப்பிடுங்கள் என்கிறான். சாப்பிட்டோம்.

மே 11, ஞாயிறு

குருப் பெயர்ச்சி. கோயிலில் கூட்டம். நானும் கொண்டைக்கடலை மாலை வாங்கிக்கொண்டு போனேன்.

நவக்கிரகத்தில் குரு பகவான் மஞ்சள் துணி கட்டி நின்றார். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் கல்யாணம், வேலை, குழந்தை என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரக்ஷிதா போனில் காட்டின படம்தான் ஞாபகம் வந்தது. கோடு கோடாக ஒரு உருண்டை, தலையில் நீல வெளிச்சம் வட்டமாக. பிடி வழுக்குகிற இடத்தில்தான் அந்தக் கரெண்ட் பலமாக ஓடும், அதுதான் மேல்காற்றில் வந்து மோதி வெளிச்சமாகத் தெரிகிறது என்றாள். வழுக்குவதால் வரும் வெளிச்சம்.

ரெண்டும் ஒரே ஆளா? தெரியாது. மாலையைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: என் பொண்ணு உன்னை அளந்தது உனக்குக் கோபமா?

ஐயர் அடுத்த ஆள் வா என்றார். நகர்ந்துவிட்டேன்.

கோபம் இருந்தால் மாலையை வாங்கியிருக்க மாட்டார் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. சொர்ணத்திடம் சொல்ல வேண்டும்.

மே 24, சனி

இன்று அவரும் நானும் ரக்ஷிதா படித்த இடத்துக்குப் போனோம். அவர்தான் கிளம்பினார். "மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்ட. என்னாத்தை மாத்தக் கூடாதுன்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்" என்றார். காலையில் இஸ்திரி வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். அவருக்கு ஒரு முடிவு வந்தால் வண்டியை மூடிவிடுவார்.

பெரிய மரங்கள். உள்ளே ஒரு அறை, நாலைந்து மேஜை. அவள் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. முதுகில் அவள் போட்டு வைத்த துண்டு கூட அப்படியே. தர்ஷினி சொன்னது பொய் இல்லை.

சுவரில் வெள்ளைப் பலகை. அது முழுக்க ரக்ஷிதா கையெழுத்து. அதில் எனக்கு ஒன்றும் படிக்கத் தெரியாது, ஆனால் கையெழுத்து தெரியும், ஏழு மட்டும் நடுவில் கோடு போட்டு எழுதுவாள். அழிக்காதீர்கள் என்று மேலே இங்கிலீஷில் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். மாசக்கணக்காக யாரும் அதில் கை வைக்கவில்லை. எழுதுவதற்கு இடம் இல்லாமல் பலகைக்குக் கீழே தரையோரச் சுவரில் காகிதம் ஒட்டி, அதில் எழுதுகிறார்கள். தரையில் குனிந்துகொண்டு, இரண்டு பெண் பிள்ளைகள்.

டோரீன் மேடம் டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, தர்ஷினியிடம் "நீ சொல்லு" என்றார்கள்.

அவள் சொன்னது எனக்குப் புரிந்தவரைக்கும் இது. வியாழன் மேல் எப்போதும் விண்வெளித் தூசி விழுந்துகொண்டே இருக்கிறது. விழுகிற வேகத்தில் எரிந்துவிடும். எரிந்த பிறகு அதிலிருந்த இரும்பு, அது இது என்று பொடிப்பொடியாகக் காற்றிலேயே தங்கிவிடும். ரக்ஷிதா சூரிய வெளிச்சத்தால் ஓடுகிற கரெண்டைக் கணக்கில் எடுத்தாள். வடக்கிலும் தெற்கிலும் மேலேயிருந்து மழை மாதிரி வந்து மோதி நீல வெளிச்சமாகிறதே, அதையும் எடுத்தாள். இந்த எரிந்த தூசியை மட்டும் விட்டுவிட்டாள். கொஞ்சம்தானே, என்ன செய்துவிடும் என்று நினைத்திருக்கிறாள். அப்போது எல்லோரும் அப்படித்தான் விட்டார்களாம்.

"ஆனா அது கொஞ்சம் இல்ல ஆண்ட்டி. மத்ததெல்லாம் சீக்கிரம் மறைஞ்சிடும். இந்தப் பொடி நிக்கும். கரெண்டை அதுவும் சேந்து கொண்டு போகும்."

அவர் கேட்டார், "அதைச் சேத்தா பாப்பா கணக்கு என்னாவுது?"

"அக்கா சொன்னதை விட பிடி கெட்டியா இருக்கு அங்கிள். இவ்ளோ தூரத்துல வழுக்கிடும்னு அக்கா எழுதினாங்க. அதுக்கும் அப்பால வரைக்கும் இழுத்துட்டுப் போகுது."

டீ ஆறிப்போனது. கிளம்பி வந்துவிட்டோம். சுடிதார் இன்றைக்குத் தேய்க்கவில்லை, இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மே 25, ஞாயிறு

எங்கள் தொழிலில் சாம்பல்தான் எதிரி. பெட்டியை வண்டிக்கு வெளியே நீட்டி ஊதிவிட்டுத்தான் துணி மேல் வைக்க வேண்டும். ஒரு பொட்டு விழுந்தால் வெள்ளைச் சட்டை போச்சு. சின்ன வயசில் ரக்ஷிதா தூரப் போய் நின்று கண்ணை மூடிக்கொள்வாள். சாம்பல் பறப்பது அவளுக்குப் பிடிக்காது.

அதனால்தான் விட்டுட்டியா. அது ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு நெனச்சியா.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர்தான் அஸ்தியைத் தண்ணீரில் விட்டார். நான் கரையில் உட்கார்ந்திருந்தேன், திரும்பியே பார்க்கவில்லை. இவ்வளவுதானா மிச்சம் என்று நினைத்தேன்.

மே 31, சனி

பச்சைச் சுடிதாரை விரித்தேன். மடிப்பு வரியில் விரல் வைத்துப் பார்த்தேன். நூல் தேய்ந்திருக்கிறது. உடுத்தாமல் ஒரே மடிப்பில் வைத்து, அதே மடிப்பிலேயே தேய்த்துத் தேய்த்து. இன்னும் கொஞ்ச நாளில் அந்த வரியிலேயே கிழியும். எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், பட்டுப்புடவையை மாற்றி மடிக்கச் சொல்லி.

அவரிடம் காட்டினேன். பார்த்தார். "ம்" என்றார்.

ஜூன் 2, திங்கள்

டோரீன் மேடத்துக்குப் போன் பண்ணினேன். மாற்றி எழுதுங்கள் என்று சொன்னேன். தூசியையும் சேருங்கள். குறைவாகப் போட்டாள் என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள். அவள் இருந்திருந்தால் அவளே திருத்தியிருப்பாள், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு மார்க் அதிகம் போட்டதற்குத் திரும்பப் போய்ச் சொன்னவள்.

"அந்தப் பலகையையும் அழிச்சிடுங்க மேடம். போட்டோ புடிச்சிக்கிட்டு அழிச்சிடுங்க. புள்ளைங்க தரையில குனியுதுங்க."

மேடம் அழுதார்கள் போல. "நீங்க தாங்ஸ்ம்மா, நீ நல்லா இரு" என்றார்கள்.

சரியா செஞ்சனா? அவ கிட்ட கேக்க முடியலியே.

ஜூன் 21, சனி

மழை. வண்டி போடவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

தர்ஷினி போனில் ஒரு படம் அனுப்பினாள். பலகை. மேல் மூலையில் ஒரே ஒரு வரி ரக்ஷிதா கையெழுத்தை விட்டுவைத்திருக்கிறாள். கீழே எல்லாம் அவள் எழுத்து, கோழி கிளறின மாதிரி. ரக்ஷிதா கையெழுத்து எவ்வளவு அழகு.

"அந்த வரி எதுக்கு?" என்று போட்டேன். அவரிடம் சொல்லித்தான் போடவைத்தேன், எனக்கு போனில் எழுத வராது.

"அதுலேருந்துதான் ஆண்ட்டி மீதி எல்லாம் வருது" என்று பதில் வந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

முதல் வருஷத் திதி கொடுத்தோம். சொர்ணம் வந்து சமையல் எல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள். போகும்போது, "அண்ணி, குரு பகவான் மாலையை வாங்கிட்டாருன்னா அப்போ கோவம் இல்லதான்" என்றாள். நான் சொல்லி நாலு மாதம் ஆகிறது. இவ்வளவு நாள் யோசித்திருக்கிறாள்.

காக்கை சாப்பிட்டது.

அக்டோபர் 30, வியாழன்

இன்று ஒரு காரியம் ஆகிவிட்டது.

தர்ஷினி வந்தாள். ராத்திரி ரயில். வேறு ஊரில் பெரிய கூட்டமாம், நாடெங்கும் இருந்து வருவார்களாம், அதில் இந்தக் கட்டுரையைப் பற்றி இவள் நின்று பேச வேண்டும். கட்டுரையைப் பத்திரிகையில் எடுத்துக்கொண்டுவிட்டார்களாம், அச்சில் வரும். முதல் பக்கத்தைக் கொண்டுவந்திருந்தாள். தேய்ப்பதற்கு ஒரு நீலச் சுடிதார், மேடையில் போட்டுக்கொள்ள.

தேய்த்துக்கொண்டே அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். முதல் பெயர் ரக்ஷிதா அப்பாதுரை, அவள் பெயர் மட்டும் இங்கிலீஷில் எனக்குத் தெரியும். அதற்குப் பக்கத்தில் மேலே சின்னதாகக் கத்தி மாதிரி ஒரு குறி. இது என்ன என்று கேட்டேன்.

"இப்ப இல்லாதவங்க பேருக்குப் போடற குறி ஆண்ட்டி."

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதினது அவள்தான் என்பதும், அவள் இல்லை என்பதும், பக்கத்துப் பக்கத்தில். எவ்வளவு நேரம் நின்றேனோ. வாடை வந்ததும்தான் பெட்டியைத் தூக்கினேன். நீலச் சுடிதாரில் முக்கோணமாகப் பழுப்பு. மார்புக்கு நேராக.

கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து தேய்க்கிறேன். இப்படி ஆனதில்லை. அவர் ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தர்ஷினி சொல்கிறாள், "பரவால்ல ஆண்ட்டி. துப்பட்டா போட்டு மறைச்சிக்கிறேன்."

"எதையும் மறைக்கக் கூடாதுன்னு உங்க மேடம் சொன்னாங்கல்ல. நில்லு."

உள்ளே போய்ப் பச்சைச் சுடிதாரை எடுத்து வந்தேன். எடுத்த பிறகு கொஞ்சம் யோசித்தேன், பொய் சொல்லக் கூடாது. கொடுத்துவிட்டேன்.

அவளுக்குத் தெரியும் அது யாருடையது என்று. ரக்ஷிதா போட்டு நிறைய தடவை பார்த்திருப்பாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "கொஞ்சம் லூசா இருக்கும்" என்றேன். "அக்காவை விட நான் ஒல்லி" என்றாள். ரயிலுக்கு நேரமாகிறது என்று அவர் ஆட்டோ பிடித்துவிட்டார்.

நவம்பர் 1, சனி

தேய்க்க ஒன்றும் இல்லை. வாடிக்கைத் துணியைச் சொல்லவில்லை.

நவம்பர் 3, திங்கள்

தர்ஷினி போன் பண்ணினாள். பேசி முடித்துவிட்டாளாம். ஒரு பெரியவர் எழுந்து, தூசியை முதலில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டாராம்.

"நீ என்னா சொன்ன?"

"அக்கா போட்ட கணக்கு இல்லன்னா தூசி எவ்ளோ பெருசுன்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னேன் ஆண்ட்டி."

"அவரு என்னா சொன்னாரு?"

"உக்காந்துட்டாரு."

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கரி உடைப்பதை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். கரி முகமெல்லாம் ஒட்டிக்கொண்டது.

நவம்பர் 8, சனி

தர்ஷினி மூட்டையோடு வந்தாள். ஊருக்குப் போய்வந்த துணி, துவைத்தது. ஜீன்ஸ், இரண்டு டாப், ஒரு படுக்கை விரிப்பு, அதற்கு அடியில் பச்சைச் சுடிதார். அவசர வேலையாம், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டாள்.

விரித்தேன். வேறு சோப்பு வாசம். முழங்கையில் மடங்கின கோடு, இடுப்பில் உட்கார்ந்து எழுந்த கோடு, பழைய மடிப்பு வரி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. நாற்காலியிலா ஸ்டூலிலா என்று கேட்க மறந்துவிட்டேன்.

தண்ணீர் தெளித்தேன். பெட்டியை வெளியே நீட்டி அவர் ஊதிக் கொடுத்தார். நல்ல சுருக்கம். இரண்டு தடவை அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது.